ஈயம் இல்லாத கம்பி

"வாயில என்ன?"

"கம்பி."

"சாப்பிடுற வாயில கம்பி எதுக்கு?"

"ஒரு கையில சால்ட்ரிங் அயர்ன், ஒரு கையில போர்டு. கம்பியை யார் பிடிப்பா? நீ பிடிக்கிறியா?"

"பிடிச்சா என்ன குடுப்பீங்க?"

"முதல் பாட்டு உனக்குத்தான்."

கல்யாணமான புதிதில், இந்த மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிவந்த சமயத்தில் நடந்த பேச்சு இது. அன்றைக்கு அவள் சிரித்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து, அவன் சூட்டுக்கோலால் காட்டிய இடத்தில் ஈயக் கம்பியை நீட்டினாள். உருகிய ஈயம் பாதரசத் துளி போல ஒரு நொடி மினுங்கிவிட்டு உறைந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன் மேலேயே கோபம் வருகிறது. அன்றைக்கே அந்தக் கம்பியைப் பிடுங்கி வெளியே எறிந்திருக்க வேண்டாமா?

அவன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டால் மறுபடி சாயங்காலம்தான் வண்டி எடுக்க வேண்டும். நடுவில் கிடக்கும் பகல் முழுவதும் அவனுக்கே அவனுக்கு. மற்ற ஓட்டுநர்கள் வண்டிக்குள் கால் நீட்டித் தூங்குவார்கள், இல்லையென்றால் சீட்டு ஆடுவார்கள். இவன் வீட்டுக்கு வந்து, பாட்டைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி செய்வான். விற்கிற எண்ணமெல்லாம் கிடையாது. எதிர்வீட்டுக்காரருக்கு ஒன்று, முனை பேக்கரிக்காரருக்கு ஒன்று, வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளிக்கு ஒன்று என்று செய்து கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் போகும்போது தான் செய்த பெட்டி பாடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நடப்பான். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. அவளுக்கே வந்ததில்லை, ரொம்ப நாள் வரை.

யாரிடமும் முறையாகக் கற்றுக்கொண்ட வேலை இல்லை. கையில் கிடைத்ததை வைத்துத்தான் எல்லாம். ஒரு தடவை ஈயம் சரியாக ஒட்டவில்லை என்று கீழ்வீட்டுப் பிளம்பரிடம் பேஸ்ட் வாங்கித் தடவினான். குழாய் ஒட்டுவதற்கென்று அமிலம் கலந்து செய்த பேஸ்ட் அது. ஒட்டியது என்னவோ கச்சிதமாகத்தான் ஒட்டியது. மழைக்காலம் வந்ததும் பேக்கரிக்காரரின் பெட்டி கரகரக்க ஆரம்பித்தது. திறந்து பார்த்தால் இணைப்பெல்லாம் பச்சை பூத்து அரித்துக் கிடந்தது. குழாய்க்குப் போடுகிற மருந்தைப் பாட்டுக்குப் போட்டால் பாட்டும் ஒழுகத்தானே செய்யும் என்று பேக்கரிக்காரர் கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டார். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, புதுசாக ஒன்று செய்து கொடுத்தான்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கண்ணாடியின் விளிம்பைச் சக்கரத்தில் தேய்த்து, ஃபிரேமுக்குள் உட்கார வைத்து, கடுகைவிடச் சின்னத் திருகாணியை முடுக்குகிற வேலை. தேய்க்கும்போது தண்ணீரோடு சேர்ந்து வெள்ளைக் குழம்பாகத் தூள் வழியும். முழங்கை வரை கழுவாமல் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தொடக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். வீட்டுக்குக் கிளம்புமுன் மேலங்கியைக் கழற்றிக் கடையிலேயே மாட்டிவிட்டு வருவாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. எதுவும் சரியாகத் தெரியவில்லை என்று வருகிற ஒருவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிர்க்கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கிற அந்தக் கணத்துக்காக இன்னும் நாலு மணி நேரம் நிற்கலாம் என்று தோன்றும்.

அவர்களுக்கு ஒரே பெண். ஆள் சின்னது, காரம் அதிகம் என்று அப்பன் வைத்த பெயர் மிளகு. முதல் வகுப்பு.

ஒரு விடுமுறை நாளில் அவள் சமையலறையிலிருந்து ரொட்டித் தட்டோடு வெளியே வந்தாள். மேஜைக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மகள். இருவரும் தலையைக் குனிந்திருந்தார்கள். அப்பா பல்லிடுக்கில் ஒரு கம்பி. மகள் பல்லிடுக்கிலும் ஒரு கம்பி, அப்பா வெட்டிப் போட்ட துண்டு. அவன் கடித்திருந்த அதே கோணம், அதே வாய்ச் சுளிப்பு.

தட்டை எங்கே வைத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. பிள்ளையின் தாடையைப் பிடித்து, கம்பியை உருவி, குழாயடிக்கு இழுத்துப் போய் வாயைக் கொப்பளிக்க வைத்து, நாக்கைத் துணியால் துடைத்தாள். மிளகு அலறினாள். அவன் பின்னாலேயே வந்து நின்றான்.

"இப்ப என்ன ஆகிப்போச்சு? சின்ன வயசுலேர்ந்து நான் பல்லுலதான் பிடிக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?"

"உங்களுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியலைல்ல, அதுதான் ஆச்சு."

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

அன்றைக்கு மேஜை பால்கனிக்குப் போனது. அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் எடுத்துப் பார்த்தாள். பயப்படும்படி ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் ஈயத்தில் இவ்வளவு வரைக்கும் உடம்புக்குப் பரவாயில்லை என்று ஓர் அளவு கிடையாது என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்தவள், கடையில் பார்வை அளக்கிற பெண்ணிடம் விசாரித்தாள், கைபேசியில் தேடித் தேடிப் படித்தாள். ஈயமே சேர்க்காத கம்பி கிடைக்கிறதாம், வெள்ளீயமும் கொஞ்சம் செம்பும் கலந்தது. அதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவன் எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை. இரண்டு பேருந்து மாறிப் போய், பெரிய கடைத்தெருவில் அலைந்து, பச்சை இலைப் படம் போட்ட சுருள் ஒன்றை வாங்கி வந்து அவள் உள்ளங்கையில் வைத்தான். ஏதோ நகை கொண்டுவந்தவன் போல நின்றான்.

"அப்பா, அப்போ இது ஈயம் இல்லாத ஈயக்கம்பியா?" என்று மிளகு கேட்டாள். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அதற்குப் பிறகு ரொம்ப நாள் இல்லை.

ஏனென்றால் அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. பால்கனியில் சாரல். ஈயம்தான் இல்லையே, இனிமேல் பயம் என்ன, உள்ளேயே வைத்துக்கொள்கிறேனே என்று அவன் கேட்டான். அவளே மேஜையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக் கூடத்துக்குள் தூக்கி வைத்தாள். ஜன்னல்களைச் சாத்தினார்கள்.

புதுக் கம்பி லேசில் இளகுகிற ரகம் இல்லை. சூட்டை ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றியும் பழைய கம்பி போல வழிந்து பரவாமல் முண்டு முண்டாக நின்றது. உருகியது பரவி ஒட்டுவதற்குத் தடவுகிற ஃப்ளக்ஸ் தாராளமாக வேண்டும் என்று யாரோ சொல்ல, பழுப்பு நிறத் திரவம் ஒரு புட்டி வாங்கிவந்து தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்தான். சூட்டு முனை பட்டதும் சுர்ரென்று வெள்ளைப் புகை எழும்பி, சுருண்டு, குனிந்த முகத்துக்கே வரும். கெட்ட நாற்றமும் இல்லை. மரம் அறுத்த இடத்தில் வருகிற மாதிரி, கொஞ்சம் தித்திப்பான வாசனை. கம்பியை வாயில் வைக்கத் தடை என்பதால் மிளகுக்கு வேறு உத்தியோகம் கொடுத்தான், டார்ச் பிடிப்பது. மோவாயை மேஜை விளிம்பில் ஊன்றிக்கொண்டு, புகைக்கு நேர் எதிரே, கண் இமைக்காமல் அவள் வெளிச்சம் காட்டினாள். வேலையில் அப்பனைவிடப் பக்தி.

முதலில் இருமல். மழைக்காலத்து இருமல் என்று விட்டார்கள். பிறகு விடியற்காலையில் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு விசில். மூச்சை உள்ளே இழுக்கும்போது கழுத்துக் குழி பள்ளமாகப் போய் வரும். தூக்கி மடியில் சாய்த்து வைத்தால்தான் தூங்கினாள். வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் சளி மருந்து கொடுத்தார், அப்புறம் ஆவி பிடிக்கச் சொன்னார். இரண்டு நாள் அடங்கும், மறுபடி வரும்.

அப்போதுதான் நாத்தனார் வந்து இறங்கினாள்.

அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். மருந்துக்கடையில் பில் போடுகிறாள். ஆனால் டாக்டர் எழுதிய சீட்டையே ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் மருந்து எடுக்க விடுவாள். நல்லவள். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் கூப்பிடாமலே வந்து நிற்பாள். வந்து நின்றால், அந்த வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதுவரை அவள்தான் முடிவு செய்வாள்.

வந்த அன்றைக்கே வெங்காயம் வதக்குவது தடை செய்யப்பட்டது. எண்ணெய்ப் புகை நெஞ்சைக் கட்டுகிறதாம். மறுநாள் கம்பளி, அதற்கு அடுத்த நாள் கொசுவத்தி, அப்புறம் துடைப்பம். ஈரத் துணியால் மட்டுமே தரையைத் துடைக்க வேண்டும், அதுவும் பிள்ளை எழுவதற்குள். பிள்ளையின் அம்மா எல்லாம் செய்தாள். வேலைக்குப் போய் வந்து, வாடிய முகத்தோடு வேகவைத்ததைத் தட்டில் வைத்தாள். கூடத்து மூலையில் ஃப்ளக்ஸ் புகை சுருண்டுகொண்டே இருந்தது. அதை யாருமே பார்க்கவில்லை. அது பாதுகாப்பான புகை. பச்சை இலை போட்டது.

"எங்க வீட்டுல யாருக்கும் இந்த இழுப்பு கிடையாது" என்றாள் நாத்தனார் ஒரு நாள், தம்பியைப் பார்த்து. அருகில் நின்றவளைப் பார்க்கவே இல்லை. "உன் மாமனாருக்கு இருந்துச்சில்ல. கல்யாணத்தன்னிக்கே ரெண்டு தடவை மூச்சு வாங்கி உட்கார்ந்து எழுந்தாரு. எங்கேர்ந்து வந்ததுன்னு நான் சொல்லணுமா?"

அவன் போர்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போதாததுக்குக் கண்ணாடித் தூளு. தலை பூரா அதைக் கொட்டிக்கிட்டு வந்து பிள்ளையை மார்ல போட்டுத் தூங்க வெக்கிறா. அந்தக் கடையை விடச் சொல்லு முதல்ல."

"ம்" என்றான் அவன்.

அந்த ஒற்றை எழுத்து அவள் காதில் ஒரு வாரம் கிடந்தது. அந்த வாரம் பிள்ளைக்கு ரொம்ப முடியாமல் போனது. உதடு நீலம் பாரித்ததைப் பார்த்ததும் அவளுக்கு எதையும் எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. ஒருவேளை அப்பாவின் நெஞ்சுதானோ, ஒருவேளை தூள்தானோ என்று அவளே நம்ப ஆரம்பித்தாள். கடை முதலாளியிடம் போய், மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு, யோசித்துச் சொல்லும்மா என்றார்.

அடுத்த தடவை போனபோது வழக்கமான டாக்டர் விடுப்பில் இருந்தார். அவர் இடத்தில் ஓர் இளம் பெண் டாக்டர். நாத்தனாருக்குக் கடையில் ஆள் இல்லாததால் அன்று அவளால் கூட வர முடியவில்லை. டாக்டர் பிள்ளையின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். கேட்டபடியே குனிந்தவர், அப்படியே நின்று தலைமுடியை மோந்து பார்த்தார்.

"வீட்ல யாராவது வயலின் வாசிக்கிறீங்களா?"

"இல்லையே டாக்டர்."

"வில்லுக்குத் தேய்ப்பாங்களே, ஒரு பிசின். அந்த வாசனை அடிக்குது. நான் சின்ன வயசுல கத்துக்கிட்டேன், அதான் தெரியுது."

"நாங்க ஆம்ப்ளிஃபயர் பண்றோம்" என்றாள் மிளகு பெருமையாக, மூச்சுக்கு நடுவில். "நான்தான் டார்ச்."

டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கே வைத்துச் செய்கிறார்கள், ஜன்னல் திறந்திருக்குமா, பிள்ளை எவ்வளவு பக்கத்தில் இருப்பாள், எப்போதிலிருந்து. அவள் ஒன்று விடாமல் சொன்னாள். ஈயம் இல்லாத கம்பி டாக்டர், அதைத்தான் நான் வாங்கச் சொன்னேன் என்றாள்.

"அது நல்ல காரியம்தாம்மா. ஆனா இந்தப் புகை ஈயத்தோடது இல்லை. அந்தச் சூட்டுக்கு ஈயம் ஆவியாகாது. அது கையில ஒட்டி வாய் வழியாத்தான் உள்ள போகும். புகை வர்றது ஃப்ளக்ஸ்லேர்ந்து. அது பைன் மரத்துப் பிசின். பழைய கம்பிக்குள்ளயும் அது இருக்கும், புதுசுலயும் இருக்கும். தொழிற்சாலையில காலம் பூரா அந்தப் புகையில உட்கார்ந்தவங்களுக்கு இழுப்பு வருது. இது சின்ன நெஞ்சு. நீங்க கம்பியை மாத்தினது சரி. ஜன்னலை மூடினதுதான் தப்பு."

வேறு மருந்து எழுதிக் கொடுத்தார். அந்தப் புகை இனி பிள்ளை மேல் படவே கூடாது என்றார். கிளம்பும்போது அவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன், அந்தத் தூளாலும் வருமா என்று கேட்டாள். எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றித் தேய்த்து, கழுவிவிட்டு, மேலங்கியைக் கழற்றிவிட்டு வருகிறவளுக்கு அந்தப் பயம் தேவையில்லை என்றார் டாக்டர். "வெங்காயம்?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார்.

வரும் வழியில் பேருந்து ஜன்னலில் மழை வழிந்தது. மிளகு தோளில் தூங்கிவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது, பிள்ளைக்கு என்ன என்று தெரிந்துவிட்ட நிம்மதியில். நாலு நிறுத்தம் தாண்டுவதற்குள் அது கோபமாக மாறியது. யார் மேல் என்று பிரிக்கத் தெரியாத கோபம். மேஜையைத் தூக்கி உள்ளே வைத்த தன் கைகள் மேலும்தான். ஆனால் அந்தக் கைகளை யாரும் குற்றம் சொல்லவில்லையே. செய்யாத குற்றத்தை அல்லவா அவள் தலையில் கட்டினார்கள். செத்துப்போன அப்பாவைக்கூட விடவில்லை.

அவனிடம் சொன்னபோது அவன் முதலில் போய் சால்ட்ரிங் அயர்னின் ப்ளக்கைப் பிடுங்கினான். அது அணைந்துதான் இருந்தது. தூங்குகிற மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"நானா?" என்றான். "நானா அவளை இப்படிப் பண்ணேன்?"

அவனைத் திட்ட வைத்திருந்ததெல்லாம் அவளுக்குள்ளேயே கரைந்தது. அவன் தலையில் கை வைத்தாள். நமக்குத் தெரியாதுங்க, ரெண்டு பேருக்கும் தெரியாது என்றாள்.

மறுநாளிலிருந்து அவன் பம்பரமாகச் சுழன்றான். மேஜை மறுபடி பால்கனிக்குப் போனது. சாரலுக்குத் தார்ப்பாய் கட்டினான். புகை எழும் இடத்திலேயே அதை உறிஞ்சித் தெருப் பக்கம் தள்ளுகிற மாதிரி ஃபேன் ஒன்றையும் அகலக் குழாயையும் பொருத்தினான். வேலை செய்கிற சட்டையைத் தனியாக வைத்தான். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தலைக்கும் ஊற்றிக்கொண்டு, அவள் மோந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் பிள்ளையைத் தூக்கினான். மிளகு உள்ளிருந்து பால்கனிக் கதவின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்ப்பாள். டார்ச் உத்தியோகம் போன வருத்தத்தில் ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை. ஆனால் விசில் குறைந்தது. அப்புறம் நின்றது.

எல்லாம் செய்தான். ஒன்றைத் தவிர.

தன் வீட்டுக்குத் திரும்பிவிட்ட அக்காவிடமிருந்து தினமும் சாயங்காலம் கைபேசியில் அழைப்பு வரும். இவள் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, கை ஈரத்தோடு நின்று காதைக் கொடுப்பாள். டாக்டர் சொன்னதை இன்றைக்குச் சொல்லிவிடுவான் என்று தோன்றும். "இப்ப பரவாயில்லைக்கா" என்பான். "நல்லா சாப்பிடுறாக்கா" என்பான். அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அக்காவின் பேச்சுக்கு அவன் மறுபேச்சுப் பேசிப் பார்த்ததில்லை. அவளும் பேசு என்று கேட்டதில்லை. கேட்கத் தெரியாமல் இல்லை. தானாக வர வேண்டியதைக் கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மதிப்பு என்று ஒரு வீம்பு. கல்யாணத்தில் அப்பா மூச்சு வாங்க உட்கார்ந்ததை மாப்பிள்ளை வீட்டார் கேலி பேசியபோதும் அவள் இப்படித்தான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் பழக்கூடையோடு வந்தாள். மிளகு மாடிப்படியில் ஓடிப்போய் அவள் மேல் தொற்றிக்கொண்டாள். நாத்தனார் கூடையைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. நடிப்பில்லை, நிஜமான கண்ணீர். அதைப் பார்க்கையில் பிள்ளையின் அம்மாவுக்கும் நெஞ்சு இளகியது.

நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வேகவைத்த முட்டை, ரொட்டி, காய் போட்ட சூப். நாத்தனார் சூப்பை வாயில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

"பாத்தியாடா தம்பி? வெங்காயப் புகையை நிறுத்தின உடனே பிள்ளை எப்படி ஆயிட்டா பாரு. அன்னிக்கு நான் சொன்னப்ப இவ முகம் போன போக்கைப் பாத்திருக்கணும் நீ."

அவன் ரொட்டியைப் பிய்த்தான்.

"கடையில சொல்லிட்டியாம்மா? மாசக் கடைசியோட நின்னுக்க. அந்தத் தூளும் ஒழிஞ்சா போதும், திரும்பி வராது. உங்கப்பா உடம்பு உங்களோட போகட்டும், எங்க பிள்ளைக்கு வேண்டாம்."

பால்கனியில் தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டது. ஃபேனும் குழாயும் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தன. இது என்னடா புதுசா என்று நாத்தனார் வந்ததுமே கேட்டிருந்தாள். சும்மா, காத்துக்கு என்று சொல்லியிருந்தான் அவன்.

"என்னடா, நான் சொல்றது சரிதானே?"

"ம்" என்றான்.

அவள் கரண்டியைச் சூப் பாத்திரத்துக்குள் விட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. குரலும் உயரவில்லை. மிளகுவின் கன்னத்தில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கைத் துடைத்துவிட்டு, நீ போய் ஜன்னல்கிட்ட உட்கார்ந்து சாப்பிடு கண்ணு என்று தட்டைக் கையில் கொடுத்து அனுப்பினாள். பிள்ளை போய் உட்காரும்வரை பொறுத்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"ஏங்க."

அவன் நிமிர்ந்தான். அந்தக் கூப்பிடலில் என்ன இருந்ததோ, நாத்தனாரும் கையை நிறுத்தினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ரொம்ப வருஷமா கேக்கணும்னு இருக்கு. நீங்களா செய்வீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்புறம் பேசிக்கலாமே" என்றான் மெதுவாக.

"அப்புறம் இல்லை. கம்பியை மாத்துங்கன்னேன், மாத்தினீங்க. நான் கேக்காமயே ஃபேன் மாட்டினீங்க. உங்களைக் கொறை சொல்லல. நாளைக்குக் கடைக்குப் போய், வேலையை விடலைன்னு நானே சொல்லிக்குவேன், அதுக்கு யாரும் வேண்டாம். ஆனா இங்க, இந்த மேஜையில, நான் என்ன சொன்னாலும் அண்ணிக்கு அது எதிர்ப்பேச்சு. நீங்க சொன்னாத்தான் அது சேதி. அண்ணி இதோ உட்கார்ந்திருக்காங்க. அவங்க முகத்தைப் பாத்து, பிள்ளைக்கு வந்தது என்னாலயும் இல்லை, எங்கப்பாவாலயும் இல்லைன்னு எனக்காக நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."